சிப்பி சிப்பியாய் விரியும் குரோஷா பின்னல்: ஷெல் ஸ்டிட்ச் போடுவது எப்படி? ஓரம் ஏன் கோணலாகுது?

ரீல்ஸைத் திறந்தாலே குரோஷா பைகள், குழந்தைகளுக்கான குல்லா, துப்பட்டா பார்டர் என்று வரிசையாக வருகின்றன. அதில் பார்த்ததும் கண்ணில் படுவது, மீன் செதில் மாதிரி ஒன்றின் மேல் ஒன்றாக விரிந்து நிற்கும் சிப்பி டிசைன். இதற்குப் பெயர் ஷெல் ஸ்டிட்ச்.

வீடியோவில் பார்க்கும்போது சுலபமாகத்தான் தெரியும். உட்கார்ந்து போட ஆரம்பித்தால் நாலாவது வரிசையிலேயே ஒரு பக்கம் சுருங்கி, இன்னொரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கும். "நமக்குக் கை வரலை" என்று சொல்லி, பாதிப் பின்னலோடு நூலை பீரோவில் போட்டுவிடுபவர்கள் நிறைய பேர்.

உண்மையில் பெரும்பாலும் இது கைப்பழக்கத்தின் பிரச்னையே இல்லை. எண்ணிக்கைப் பிரச்னை. ஷெல் ஸ்டிட்ச்சுக்குப் பின்னால் ஒரு சின்ன கணக்கு இருக்கிறது. அது புரிந்துவிட்டால், எந்த இடத்தில் தப்பு வந்தது என்று நீங்களே கண்டுபிடித்துவிடலாம். அந்தக் கணக்கையும், போடும் முறையையும் படிப்படியாகப் பார்ப்போம்.

ஷெல் ஸ்டிட்ச் என்றால் என்ன?

குரோஷாவில் ஒரே ஒரு கொக்கி ஊசிதான். நூலை வளையமாக இழுத்து, அந்த வளையத்துக்குள் அடுத்த வளையத்தை இழுப்பதுதான் மொத்த வேலையும். சாதாரணமாக ஒரு ஓட்டைக்குள் ஒரு ஸ்டிட்ச் போடுவார்கள். ஷெல் ஸ்டிட்ச்சில் ஒரே ஓட்டைக்குள் 5 உயரமான ஸ்டிட்ச்களைப் போடுகிறோம்.

அடியில் ஐந்துக்கும் ஒரே இடம்தான். மேலே போகப் போக இடம் தாராளமாக இருக்கிறது. அதனால் ஐந்தும் விசிறி மாதிரி விரிகின்றன. அந்த விசிறிக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு குட்டை ஸ்டிட்ச் போட்டால், அது ஓரங்களைக் கீழே பிடித்து இழுக்கும். நடுவில் மேடு, பக்கத்தில் பள்ளம். இதுதான் சிப்பி.

அடுத்த வரிசையில் பள்ளம் இருந்த இடத்தில் புது சிப்பி முளைக்கும். மேடு இருந்த இடத்தில் குட்டை ஸ்டிட்ச் வரும். ஓட்டு வீட்டுக் கூரையில் இரண்டு ஓடு சேரும் இடத்துக்கு மேலே அடுத்த ஓடு உட்காருவதைப் பார்த்திருப்பீங்க. அதே மாதிரிதான் இதுவும்.

கணக்கு இதுதான்: 6-இன் மடங்கு, கூட 2

ஒரே இடத்தில் 5 ஸ்டிட்ச் போட்டால் துணி அகலமாகிக்கொண்டே போக வேண்டுமே, ஏன் போவதில்லை? காரணம், போட்ட அளவுக்கு நாம் விட்டுவிடவும் செய்கிறோம்.

ஒரு சிப்பிக்கான கணக்கைப் பாருங்கள். முதலில் 2 செயினை விட்டுவிட வேண்டும். அடுத்த செயினில் 5 ஸ்டிட்ச் போட வேண்டும். மறுபடி 2 செயினை விட வேண்டும். அடுத்த செயினில் 1 குட்டை ஸ்டிட்ச். மொத்தம் செலவான செயின் 6. அதன் மேல் உருவான ஸ்டிட்ச் 5 கூட்டல் 1, அதுவும் 6. வரவும் செலவும் சரியாகிவிட்டது. அதனால்தான் அகலம் மாறாமல் நிற்கிறது.

ஆக, எத்தனை சிப்பி வேண்டுமோ அதை 6-ஆல் பெருக்குங்கள். கூட 2 சேருங்கள். அந்த இரண்டில் ஒன்று, வரிசையின் தொடக்கத்தில் வரும் முதல் குட்டை ஸ்டிட்ச்சுக்கு. இன்னொன்று திரும்பும்போது உயரத்துக்காக. 4 சிப்பி என்றால் 24 கூட்டல் 2, மொத்தம் 26 செயின். 10 சிப்பி என்றால் 62 செயின்.

என்னென்ன வாங்கணும்?

பழகுவதற்கு விலை உயர்ந்த நூல் தேவையில்லை. ஃபேன்ஸி ஸ்டோரில் கிடைக்கும் உல்லன் நூலே போதும். ஆனால் மூன்று விஷயத்தைப் பார்த்து வாங்குங்கள்.

நிறம் வெளிர் நிறமாக இருக்கட்டும். கறுப்பு, கருநீலம் வாங்கினால் ஓட்டை எது, நூல் எது என்றே தெரியாது. நூல் வழவழப்பாக இருக்க வேண்டும். பஞ்சு பஞ்சாக முடி நீட்டிக்கொண்டிருக்கும் நூலில் தப்பு வந்தால் பிரிப்பது பெரும்பாடு. தடிமன் நடுத்தரமாக இருக்கட்டும். தையல் நூல் மாதிரி மெல்லியதை முதல் நாளே எடுக்க வேண்டாம்.

ஊசியைப் பொறுத்தவரை, நடுத்தர நூலுக்கு 4 முதல் 5 மி.மீ. வரை சரியாக இருக்கும். பெரும்பாலான ஊசிகளில் தண்டிலேயே அளவு பொறித்திருப்பார்கள். கூடவே ஒரு கத்தரிக்கோல், காது பெரிதாக உள்ள மழுங்கிய ஊசி ஒன்று, நாலைந்து சேஃப்டி பின். அவ்வளவுதான்.

ஸ்டோல், போர்வை மாதிரி பெரிய வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் நூல் உருண்டைகளை மொத்தமாக வாங்கிவிடுங்கள். லேபிளில் சாய எண் என்று ஒன்று போட்டிருக்கும். அந்த எண் மாறினால், அதே நிறம்தானே என்று வாங்கிய நூல்கூட வெயிலில் பார்க்கும்போது வேறு மாதிரி தெரியும்.

முதலில் தெரிந்திருக்க வேண்டிய 3 அடிப்படைகள்

செயின்: நூலில் ஒரு சுருக்கு முடிச்சு போட்டு ஊசியில் மாட்டுங்கள். நூலை ஊசியில் ஒரு முறை சுற்றி, ஊசியில் இருக்கும் வளையத்துக்குள் இழுங்கள். ஒரு செயின் ரெடி. எண்ணும்போது ஊசியில் மாட்டியிருக்கும் வளையத்தையும், முதலில் போட்ட சுருக்கு முடிச்சையும் சேர்க்கக் கூடாது.

சிங்கிள் குரோஷா: இதுதான் நாம் சொன்ன குட்டை ஸ்டிட்ச். ஊசியை ஓட்டைக்குள் விட்டு, நூலைச் சுற்றி வெளியே இழுங்கள். இப்போது ஊசியில் 2 வளையம் இருக்கும். மறுபடி நூலைச் சுற்றி, இரண்டுக்குள்ளும் ஒரே தடவையில் இழுத்துவிடுங்கள்.

டபுள் குரோஷா: இதுதான் உயரமான ஸ்டிட்ச். முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு ஓட்டைக்குள் விட்டு நூலை இழுங்கள். ஊசியில் 3 வளையம் இருக்கும். நூலைச் சுற்றி முதல் இரண்டுக்குள் இழுங்கள், 2 மிஞ்சும். மறுபடி சுற்றி அந்த இரண்டுக்குள்ளும் இழுங்கள், 1 மிஞ்சும். முடிந்தது.

இந்த மூன்றும் கைக்குப் பழக ஒன்றிரண்டு நாள் கொடுங்கள். அதற்குப் பிறகு சிப்பிக்குப் போகலாம்.

வீடியோ பார்த்துப் போட்டால் ஏன் மாறிப்போகுது?

இது பலரையும் மாட்டிவிடும் இடம். அமெரிக்காவில் ஒரு பெயர், பிரிட்டனில் ஒரு பெயர். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்று சொல்வதை பிரிட்டனில் டபுள் குரோஷா என்பார்கள். அமெரிக்கர்களின் டபுள் குரோஷா பிரிட்டனில் ட்ரெபிள். இரண்டு நாட்டுக்காரர்களும் 'டபுள்' என்ற ஒரே வார்த்தையைச் சொல்கிறார்கள், ஆனால் போடுவது வேறு வேறு ஸ்டிட்ச்.

பிரிட்டன் முறையில் எழுதிய குறிப்பை அமெரிக்க முறை என்று நினைத்துப் போட்டால், நூல் ஊசி எல்லாம் சரியாக இருந்தும் உயரம் மாறி, டிசைன் வேறு மாதிரி வந்து நிற்கும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டன் முறையில் சிங்கிள் குரோஷா என்ற பெயரே கிடையாது. குறிப்பில் எங்காவது 'சிங்கிள்' என்ற வார்த்தையோ, எஸ்.சி. என்ற சுருக்கமோ வந்தால் அது அமெரிக்க முறை. இந்தக் கட்டுரையில் இருப்பது முழுக்க அமெரிக்கப் பெயர்கள்தான்.

முதல் வரிசை: எந்தெந்த செயினில் போடணும்?

பழகுவதற்கு 4 சிப்பி எடுத்துக்கொள்வோம். 26 செயின் போடுங்கள். செயினை இறுக்கிவிடாமல் லூஸாகப் போடுவது முக்கியம். கை இறுக்கமானவர்கள் செயினுக்கு மட்டும் அரை மி.மீ. பெரிய ஊசியை எடுத்துக்கொள்ளலாம்.

ஊசிக்குப் பக்கத்தில் இருக்கும் செயினை 1 என்று வைத்து எண்ணுங்கள். 2-வது செயினில் ஒரு சிங்கிள் குரோஷா. அடுத்த இரண்டை விடுங்கள். 5-வது செயினில் 5 டபுள் குரோஷா. முதல் சிப்பி வந்துவிட்டது. மறுபடி இரண்டை விட்டு, 8-வது செயினில் ஒரு சிங்கிள்.

இப்படியே போனால் சிங்கிள் குரோஷா வரும் இடங்கள் 2, 8, 14, 20, 26. சிப்பி வரும் இடங்கள் 5, 11, 17, 23. கடைசி சிங்கிள் சரியாகக் கடைசி செயினில் விழ வேண்டும். ஒரு செயின் மிஞ்சினாலோ, ஒன்று குறைந்தாலோ நடுவில் எங்கோ எண்ணிக்கை தவறியிருக்கிறது. அப்போதே பிரித்துவிடுங்கள். குரோஷாவில் ஊசியில் இருப்பது ஒரே வளையம்தான் என்பதால், இழுத்தால் சரசரவென்று பிரிந்து வந்துவிடும்.

சேஃப்டி பின் வாங்கச் சொன்னது இங்கேதான் கைகொடுக்கும். 5, 11, 17, 23-வது செயின்களில் முன்கூட்டியே ஒவ்வொரு பின் மாட்டிவிட்டால், போடும்போது எண்ணிக்கொண்டே இருக்கத் தேவையில்லை.

இரண்டாவது வரிசை: பாதி சிப்பியில் தொடங்கும்

பின்னலைத் திருப்புங்கள். 3 செயின் போடுங்கள். இந்த 3 செயினும் சேர்ந்து ஒரு டபுள் குரோஷாவுக்குச் சமம். அதன் உயரம்தான் இதற்கும். இப்போது அது நிற்கும் அதே சிங்கிள் குரோஷாவுக்குள் இன்னும் 2 டபுள் குரோஷா போடுங்கள். செயினையும் சேர்த்தால் 3. இது பாதி சிப்பி.

அடுத்து, கீழே இருக்கும் சிப்பியின் முதல் 2 டபுளை விட்டு, நடுவில் இருக்கும் 3-வதின் தலையில் ஒரு சிங்கிள் குரோஷா. மீதி 2 டபுளையும் விட்டுவிட்டு, பள்ளத்தில் இருக்கும் சிங்கிள் குரோஷாவில் 5 டபுள் போடுங்கள். முழு சிப்பி. அதே மாதிரி தொடருங்கள்.

கடைசி சிப்பியின் நடுவில் சிங்கிள் போட்ட பிறகு மிஞ்சுவது ஒரே ஒரு சிங்கிள் குரோஷா. அதில் 5 போடக் கூடாது, 3 டபுள் மட்டும். இந்த வரிசையில் நடுவில் 3 முழு சிப்பி, இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு பாதி சிப்பி இருக்கும்.

மூன்றாவது வரிசை: பலர் கோட்டை விடும் இடம்

திருப்பி, 1 செயின் போடுங்கள். இந்த ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அது நிற்கும் முதல் டபுள் குரோஷாவின் தலையிலேயே ஒரு சிங்கிள் குரோஷா போடுங்கள். அடுத்த 2 டபுளை விட்டு, பள்ளத்தில் இருக்கும் சிங்கிளில் 5 டபுள். 2 விட்டு, அடுத்த சிப்பியின் நடுவில் சிங்கிள். இப்படியே போங்கள்.

கடைசி சிப்பியைப் போட்டு முடித்ததும் வரிசை முடிந்துவிட்ட மாதிரி தோன்றும். முடியவில்லை. போன வரிசையின் தொடக்கத்தில் 3 செயின் போட்டோமே, அதன் உச்சியில், அதாவது மூன்றாவது செயினில், ஒரு சிங்கிள் குரோஷா போட வேண்டும். அது ஸ்டிட்ச் மாதிரியே தெரியாது, வளைந்து ஓரமாகப் படுத்திருக்கும். அதனால்தான் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள். ஓரம் கோணலாகப் போவதற்கு முதல் காரணம் இதுதான்.

இதற்குப் பிறகு புதிதாக எதுவும் இல்லை. இரண்டாவது வரிசை, மூன்றாவது வரிசை, மறுபடி இரண்டாவது, மூன்றாவது. எவ்வளவு நீளம் வேண்டுமோ அவ்வளவு.

ஒவ்வொரு வரிசையும் 25: இதுதான் டெஸ்ட்

4 சிப்பி உள்ள பின்னலில் எந்த வரிசையை எண்ணினாலும் 25 ஸ்டிட்ச் வர வேண்டும். முதல் வரிசையில் 4 சிப்பிக்கு 20, சிங்கிள் 5, மொத்தம் 25. இரண்டாவது வரிசையில் 3 முழு சிப்பிக்கு 15, இரண்டு பாதி சிப்பிக்கு 6, சிங்கிள் 4. அதுவும் 25.

சிப்பி எத்தனையாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. சிப்பியின் எண்ணிக்கையை 6-ஆல் பெருக்கி 1 கூட்டினால் வருவதுதான் ஒரு வரிசைக்கான எண்ணிக்கை. முதல் 5 வரிசைக்கு ஒவ்வொன்றையும் எண்ணிப் பாருங்கள். பிறகு சிப்பிகளை மட்டும் எண்ணினால் போதும்: ஒரு வரிசையில் 4 முழுசு, அடுத்த வரிசையில் 3 முழுசும் 2 பாதியும்.

எங்கே தப்பாகுது? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கலாம்

ஒரு பக்கம் மட்டும் குறுகிக்கொண்டே போனால், 3 செயினின் உச்சியில் போட வேண்டிய சிங்கிளை விட்டிருக்கிறீர்கள். அல்லது பாதி சிப்பியைப் போட மறந்திருக்கிறீர்கள்.

ஓரம் அகலமாகிக்கொண்டே போனால், பாதி சிப்பி போட வேண்டிய இடத்தில் முழு சிப்பி போட்டிருக்க வாய்ப்பு அதிகம். 3-க்குப் பதில் 5 போட்டால் ஒரே வரிசையில் 2 ஸ்டிட்ச் கூடிவிடும்.

நடுவில் துணி பாவாடை ஃப்ரில் மாதிரி நெளிந்தால், விட வேண்டிய இரண்டை விடாமல் ஒன்றை மட்டும் விட்டிருப்பீர்கள். அதற்கு நேர்மாறாகக் கிண்ணம் மாதிரி குழிந்தால், அதிகமாக விட்டிருப்பீர்கள்.

சிப்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், சிங்கிள் குரோஷா சரியாக நடுவில் விழவில்லை. மூன்றாவதுக்குப் பதில் இரண்டாவதிலோ நான்காவதிலோ விழுந்திருக்கும்.

எண்ணிக்கை எல்லாம் சரி, ஆனால் அடி ஓரம் மட்டும் வில் மாதிரி வளைகிறதா? அது செயினை இறுக்கிப் போட்டதால் வந்தது. இதை மட்டும் பாதியில் சரிசெய்ய முடியாது. முதலிலிருந்து போடுவதுதான் ஒரே வழி.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு இதே எண்ணிக்கைதான். வரிசை போகும் திசை மட்டும் தலைகீழாக இருக்கும். வீடியோவைக் கண்ணாடியில் காட்டிப் பார்த்தால் உங்கள் கைக்கு ஏற்ற மாதிரி தெரியும்.

எவ்வளவு அகலத்துக்கு எத்தனை செயின்?

"ஸ்டோலுக்கு எத்தனை செயின் போடணும்?" என்ற கேள்விக்கு எல்லோருக்கும் பொருந்தும் பதில் கிடையாது. நூலின் தடிமன், ஊசியின் அளவு, கையின் இறுக்கம் என ஒவ்வொருவருக்கும் மாறும். அதனால் பழகுவதற்காகப் போட்ட 4 சிப்பித் துண்டைத் தூக்கிப்போட வேண்டாம். அதுதான் உங்கள் அளவுகோல்.

அதை மேஜையில் வைத்து ஸ்கேலால் அளங்கள். 4 சிப்பி சேர்ந்து 16 செ.மீ. வந்தால், ஒரு சிப்பி 4 செ.மீ. உங்களுக்கு 60 செ.மீ. அகலம் வேண்டும் என்றால் 15 சிப்பி. 15-ஐ 6-ஆல் பெருக்கினால் 90, கூட 2. ஆக 92 செயின். பெரிய வேலையை ஆரம்பிக்கும் முன் இந்த 5 நிமிடக் கணக்கைப் போட்டுவிட்டால், பாதியில் "அகலம் பத்தாதே" என்று பிரிக்க வேண்டியிருக்காது.

துப்பட்டா, கர்ச்சீஃப் ஓரத்தில் சிப்பி பார்டர் போடலாமா?

தாராளமாகப் போடலாம். நம் ஊர் வெயிலுக்கு உல்லன் ஸ்டோலைவிட காட்டன் துணியில் சிப்பி பார்டர்தான் அதிகம் பயன்படும். இதற்கு மெல்லிய காட்டன் நூலும், அதற்கேற்ற சன்னமான ஊசியும் வேண்டும்.

துணியின் ஓரத்தை மடித்துத் தைத்துவிட்டு, சாதாரண ஊசியால் சுற்றிலும் ஒரே இடைவெளியில் பிளாங்கெட் ஸ்டிட்ச் போடுங்கள். அந்தத் தையலின் நூலைப் பிடித்து ஒரு சுற்று சிங்கிள் குரோஷா. அதன் மேல்தான் சிப்பி வரும்.

இங்கே கணக்கில் ஒரு சின்ன மாற்றம் இருக்கிறது. நேராக ஒரு பக்கம் மட்டும் போட்டால், அடியில் இருக்கும் சிங்கிள் 6-இன் மடங்கோடு 1 கூட இருக்க வேண்டும். நான்கு பக்கமும் சுற்றிப் போட்டால் அந்த 1 தேவையில்லை, சரியாக 6-இன் மடங்கு போதும். சுற்று முடியும்போது தொடங்கிய இடத்திலேயே வந்து சேர்வதால், முதல் சிங்கிளே கடைசி சிங்கிளாகவும் ஆகிவிடுகிறது.

நான்கு மூலையிலும் ஒவ்வொரு சிப்பியின் நடு விழும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மூலை சிப்பியில் மட்டும் 5-க்குப் பதில் 7 அல்லது 9 டபுள் குரோஷா போடுங்கள். இல்லையென்றால் மூலை உள்பக்கமாகச் சுருண்டுவிடும்.

கைக்குழந்தைகளுக்குப் போடுபவர்கள் கவனத்துக்கு: பெரிய ஓட்டை உள்ள பின்னலில் குழந்தையின் விரல் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. நெருக்கமாகப் போடுங்கள். பிய்ந்து வரக்கூடிய மணி, பட்டன் வைக்க வேண்டாம்.

துவைப்பதும் விரிப்பதும்

போட்டு முடித்ததும் சிப்பி லேசாகச் சுருண்டு நிற்பது சகஜம். நனைத்து, பிழியாமல் ஒரு டவலில் வைத்து ஒற்றி, தரையில் விரித்து, ஒவ்வொரு சிப்பியின் நுனியிலும் பின் குத்தி நிழலில் காயவிடுங்கள். காய்ந்த பிறகு எடுத்தால் சிப்பி பளிச்சென்று விரிந்திருக்கும். காட்டனில் இந்த மாற்றம் நன்றாகவே தெரியும்.

கடையில் கிடைக்கும் உல்லன் நூலில் பெரும்பாலானது அக்ரிலிக். அதன் மேல் நேரடியாக அயர்ன் பாக்ஸை வைக்கக் கூடாது. சூட்டில் நூல் துவண்டு, பளபளவென்று தட்டையாகிவிடும். அப்படி ஆனால் பழைய நிலைக்கு வராது. துவைத்தபின் கொடியில் தொங்கவிடுவதும் வேண்டாம். தண்ணீரின் எடையில் பின்னல் நீண்டுவிடும்.

மெஷினில் போட முடியாதா?

ஸ்வெட்டர் மாதிரியான பின்னலாடைகளை மெஷினில் செய்கிறார்கள். குரோஷா அப்படி இல்லை. ஒவ்வொரு ஸ்டிட்ச்சுக்கும் ஊசி வேறு திசையில், வேறு ஓட்டைக்குள் போய், ஒரு ஸ்டிட்ச் முழுசாக முடிந்த பிறகே அடுத்ததற்கு நகர வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'மெஷின் குரோஷா' பெரும்பாலும் வேறொரு பின்னல் முறையில் குரோஷா போலத் தோன்றும்படி செய்தது. நிஜமான குரோஷா என்றால், அதற்குப் பின்னால் யாரோ ஒருவருடைய கை இருக்கிறது.

அந்தக் கை பெரும்பாலும் பெண்களின் கைதான். குரோஷா என்பது பிரெஞ்சு மொழியில் சின்ன கொக்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அயர்லாந்தில் 1840-களில் பெரும் பஞ்சம் வந்தபோது, குரோஷா லேஸ் பின்னி விற்ற வருமானம் பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது.

நமக்குப் பக்கத்தில் ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் உள்ள நரசாபூர் இந்த வேலைக்குப் பெயர்போனது. 19-ம் நூற்றாண்டில் கிறிஸ்தவ மிஷனரிகள் மூலம் அங்கே வந்த லேஸ் பின்னல், பின்னாளில் வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. நரசாபூர் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அந்தப் பெண்களைப் பற்றி ஜெர்மனியைச் சேர்ந்த சமூகவியலாளர் மரியா மீஸ் ஆய்வு செய்து 1982-ல் புத்தகமாக வெளியிட்டார். நாள் முழுக்க வீட்டு வேலையோடு லேஸும் பின்னிய அவர்கள் தொழிலாளர்களாகவே கருதப்படவில்லை, இல்லத்தரசிகள் ஓய்வு நேரத்தில் செய்கிற வேலை என்றே பார்க்கப்பட்டது, அதனால்தான் மிகக் குறைந்த கூலி சாத்தியமானது என்பது அவர் சொன்ன முக்கியமான விஷயம்.

நம்ம சென்னையிலும் குரோஷாவுக்கு ஒரு சாதனை உண்டு. 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்ற குழுவினர் 2016-ல் சென்னையில் காட்சிக்கு வைத்த ராட்சத குரோஷா போர்வை, 11 ஆயிரம் சதுர மீட்டருக்கும் மேல் பரப்பளவுடன் கின்னஸில் இடம்பிடித்தது.

விற்கப் போறீங்களா? மணியையும் எண்ணுங்க

இன்ஸ்டாகிராமில் ஆர்டர் எடுத்து வீட்டிலிருந்தே குரோஷா செய்து விற்பவர்கள் இப்போது அதிகம். பலர் விலை சொல்வது எப்படி? நூலுக்கு ஆன செலவு, கூட கொஞ்சம். அவ்வளவுதான். பின்னுவதற்கான நேரம் கணக்கிலேயே வருவதில்லை.

மேலே பார்த்த 60 செ.மீ. ஸ்டோலையே எடுத்துக்கொள்வோம். 15 சிப்பி என்றால் ஒரு வரிசைக்கு 91 ஸ்டிட்ச். 80 வரிசை போட்டால் 7,280 ஸ்டிட்ச். ஒரு வரிசைக்கு 9 நிமிடம் என்று வைத்தாலே மொத்தம் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம். நூல் நுனிகளைச் செருகுவது, துவைத்து விரிப்பது எல்லாம் தனி.

உங்கள் வேகத்தைத் தெரிந்துகொள்ள, மொபைலில் டைமர் வைத்து ஒரு வரிசையைப் போட்டுப் பாருங்கள். அதை வரிசைகளின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு உங்கள் உழைப்பின் மதிப்பு என்ன என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு மேல்தான் நூல் செலவும் கூரியர் செலவும். "டி.வி. பார்த்துக்கிட்டே போட்டதுதானே" என்று யாராவது பேரம் பேசினால், இந்தக் கணக்கை எடுத்துக் காட்டலாம்.

ஆர்டர் எடுப்பதற்கு முன் 4 சிப்பி, 10 வரிசை கொண்ட ஒரு துண்டைப் போட்டு முடியுங்கள். பத்து வரிசையிலும் 25 வந்து, இரண்டு ஓரமும் நேராக நின்றால் ஷெல் ஸ்டிட்ச் உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அடுத்து 92 செயினுக்குத் துணிந்து போகலாம்.